எழுபத்து மூன்று அமாவாசைகள்

ஆவாரஞ்சள்ளையில் பூமிக்கடியில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்பதை ஆறு வருஷமாகச் சர்க்காருக்குச் சொல்லிவந்தவர் ராசம்மாள் அக்கா. வயது நாற்பத்தெட்டு, படிப்பு எட்டாவது. ஒன்றேகால் ஏக்கர் பூமி, அதில் அறுபத்தெட்டு அடியில் ஒரு கிணறு, சொசைட்டிக்குப் பால் ஊற்ற இரண்டு மாடுகள். புருஷன் ரத்தினசாமி பைக் விபத்தில் இறந்து எட்டு வருஷம் ஆகிறது. மகள் தமிழ்ப்ரியா கோயமுத்தூரில் நர்சுக்குப் படிக்கிறாள். அந்தக் கிணறுதான் அம்மாவுக்கும் மகளுக்கும் சோறு போட்டது.

நான் கேரள எல்லையில், வேலந்தாவளத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் பேச்சு தமிழ், காகிதம் மலையாளம். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து பிழைப்பவன் நான். படிவம் நிரப்புவது, நோட்டீசு படித்துச் சொல்வது, ஆபீசில் துணைக்குப் போய் நிற்பது எல்லாம் என் வேலை. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், முன்னாடியே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் என் கோபத்தில் பாதி என்மேலேயே.

பூமிக்கடித் தண்ணீரைக் கண்ணால் பார்த்தவன் எவனும் இல்லை. நாலு கிணற்றில் தெரிவதை வைத்து, நாலாயிரம் ஏக்கருக்கடியில் தெரியாததைக் கணக்குப் போடுகிறார்கள். எங்கள் வார்டில் அந்த நாலு கிணற்றையும் மாதம் ஒருமுறை அளப்பதற்கு உள்ளூரில் ஓர் ஆள் தேவைப்பட்டது. ரத்தினசாமி போன துக்கத்தில் அக்கா வீட்டைவிட்டு வெளியே வராமல் கிடந்தார். அவருடைய அண்ணன் மோகனசுந்தரம்தான் நிலத்தடி நீர் ஆபீசில் பேசி இந்த வேலையை வாங்கிக் கொடுத்தார்.

இரும்பு டேப்பின் நுனியில் ஒரு குண்டு. கடைசி மூன்றடிக்குச் சாக்பீஸ் தடவி கிணற்றுக்குள் விட்டால், தண்ணீர் பட்ட இடம் வரை வெள்ளை நிறம் மாறிவிடும். மேலே இழுத்து அந்தக் கோட்டைப் பார்த்து ஆழத்தைக் கணக்கிட வேண்டும். சாக்பீஸ் தீர்ந்துபோனால் அக்கா கோலமாவைக் குழைத்துத் தடவிக்கொள்வார். படிவத்தில் தேதி, நேரம், ஆழம் என்று மூன்று கட்டங்கள். நாலாவது கட்டத்தில் ஒரு கேள்வி: அளக்கும்போது பக்கத்தில் மோட்டார் ஓடியதா? அதில் அக்கா மலையாளத்தில் 'இல்ல' என்று எழுதுவார். மலையாளத்தில் அவருக்கு எழுதத் தெரிந்த ஒரே சொல் அதுதான். முதல் மாதம் ஒரு துண்டுக் காகிதத்தில் நான்தான் எழுதிக் காட்டினேன். அவர் அதைப் பார்த்துப் பார்த்து வரைந்து பழகினார்.

எந்த நாளில் அளப்பது என்ற பேச்சு வந்தபோது மோகனசுந்தரம் சொன்னாராம்:

"அமாவாசைக்கு அளந்துக்கோ அம்மிணி. அன்னிக்குத்தான் நம்ம தோட்டத்துல உனக்கும் வேலை இல்லை. ஒருத்தனும் மோட்டார் போட மாட்டான். தண்ணி அலுங்காம நிக்கும். டேப்பு சுத்தமாக் காட்டும்."

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் பக்கத்தில் அமாவாசையன்று ஏர் பூட்ட மாட்டோம். மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்த காலத்தில் மாட்டுக்கு அன்று ஓய்வு. மாடு போய் மோட்டார் வந்தது, ஓய்வும் மோட்டாருக்குப் போனது. முதல் நாள் சாயங்காலம் நிறுத்தினால் மறுநாள் முழுக்க ஓடாது, அதற்கு மறுநாள் காலையில்தான் சுவிட்சைத் தொடுவார்கள். கடவுளே இல்லை என்று மேடையில் பேசுகிறவன்கூட அன்றைக்கு மோட்டார் போட மாட்டான். கேட்டால் கரண்டு சரியில்லை என்பான்.

ஆபீசு சொன்ன விதியும் அதற்கு ஒத்துப்போனது. மோட்டாரை நிறுத்திக் குறைந்தது ஒரு மணி நேரம் கழித்து அளக்க வேண்டும் என்பது விதி. அமாவாசையில் அளந்தால் ஒரு மணி என்ன, ஒரு பகலும் ஓர் இரவும் நின்றிருக்கும். ஆகவே அக்கா ஒரு பொய்யும் எழுதவில்லை. வாசலில் தண்ணீர் தெளித்து, விரதமிருந்து, ரத்தினசாமி படத்துக்குப் படையல் போட்டுவிட்டு, டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்புவார். நாலு கிணற்றையும் முடித்து சாயங்காலம் கடைக்கு வந்து பக்கத்தை இரண்டு நகல் எடுப்பார், ஒன்று ஆபீசுக்கு, ஒன்று அண்ணனுக்கு. நகலில் என் கடை ரப்பர் ஸ்டாம்ப்பை வைத்துத் தருவேன். ஸ்டாம்ப் வேண்டும் என்று ஆபீசு கேட்கவில்லை. அண்ணன்தான் வைத்து வாங்கச் சொன்னதாக அக்கா சொன்னார். நானும் பெருமையாக ஓங்கிக் குத்தினேன்.

அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். மோகனசுந்தரத்துக்கு முப்பது ஏக்கர் தென்னை. அக்காவின் ஒன்றேகால் ஏக்கர் அந்தத் தோப்பை ஒட்டித்தான் இருக்கிறது. அப்பா மகளுக்குப் பிரித்துக் கொடுத்த துண்டு அது. எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவளை மாப்பிள்ளை மாதிரியே அலங்கரித்து அழைத்து வருவார்கள், சேலையின் ஒரு முனையை அண்ணனும் மறுமுனையைத் தங்கையும் பிடித்து நிற்பார்கள். மோகனசுந்தரம் கல்யாணத்தில் ராசம்மாள் அக்கா இணைச்சீர் செய்தபோது அவருக்குப் பதினெட்டு வயது. அந்தப் போட்டோ இன்றைக்கும் அக்கா வீட்டுச் சுவரில் ரத்தினசாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. பொங்கலுக்கும் ஆடிக்கும் அண்ணன் வீட்டிலிருந்து சேலை தவறாமல் வரும். ஊரில் அண்ணன் தங்கை என்றால் அவர்களைத்தான் காட்டுவார்கள்.

போன வருஷம் தை அமாவாசைக்கு ஆபீசிலிருந்து ஜோபி வந்தார். முப்பது வயது இருக்கும், வண்டன்மேட்டுப் பக்கம் வளர்ந்தவர். ஏலத்தோட்டத்துத் தமிழ் ஆட்களோடு பழகியதால் தமிழ் நன்றாக வரும். மோகனசுந்தரம் தன் தோப்பில் மூன்று ஏக்கரைத் தேங்காய்ப்பால் பவுடர் தயாரிக்கும் ஒரு கம்பெனிக்கு விட்டிருந்தார். அதற்காகத் தொள்ளாயிரம் அடியில் இரண்டு போர் போட அனுமதி கேட்டிருந்தார். அந்தப் பாறை எவ்வளவு தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறது, எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்று பார்ப்பதற்குத்தான் ஜோபி வந்தார். ஒரு கிணற்றில் இறைப்பது, பக்கத்துக் கிணறு எவ்வளவு இறங்குகிறது என்று அளப்பது. இறைத்தது மோகனசுந்தரத்தின் கிணறு. அளந்தது நூற்றெண்பது அடி தள்ளியிருக்கும் அக்காவின் கிணறு. அந்தத் தேதியையும் அண்ணன்தான் குறித்துக் கொடுத்தார்.

"பக்கத்துல வேற மோட்டார் ஏதும் ஓடலியே?" என்று ஜோபி கேட்டிருக்கிறார்.

"ஒண்ணுகூட ஓடாதுங் சார். அதுக்கு நான் பொறுப்பு."

காலை ஒன்பதிலிருந்து மூன்று மணிவரை மோட்டார் ஓடியது. தோட்டத்துக்காரரே ஆபீசர் சொல்லிப் போடுவதால் அன்றைக்குத் தோஷமில்லையாம். அக்கா தன் கிணற்று மேட்டில் உட்கார்ந்து முதலில் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை, பிறகு பத்து, பிறகு அரை மணி என்று டேப்பை விட்டு எடுத்தார். அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் நங்கை என்போம். நங்கை இலை போட்டு, வடை பாயசத்தோடு மேட்டுக்கே சாப்பாடு அனுப்பியிருந்தார். ஆறு மணி நேரத்தில் அக்காவின் கிணறு மூன்றே அங்குலம் இறங்கியது. நல்ல பாறை என்று ஜோபி சொன்னதும் அக்காவுக்கு ஒரே சந்தோஷம். சாயங்காலம் கடையில் என்னிடம் சொன்னார்:

"என்ர கெணறு அண்ணன் கெணத்தையே தாங்குது பாருங் தம்பி."

வைகாசியில் ஒரு நாள் காலையில் கையில் ஒரு கவரோடு வந்தார். போர் போடுகிற இடத்தை ஒட்டிய நிலத்துக்காரருக்கு வரும் நோட்டீசு. ஆட்சேபணை இருந்தால் பதினைந்து நாளைக்குள் சொல்லலாம், பதினாறாம் நாள் பஞ்சாயத்து ஆபீசில் விசாரணை. கூடவே ஜோபியின் அறிக்கையிலிருந்து ஒரு பக்கம் இணைத்திருந்தார்கள். ஆட்சேபிக்க அவர் வரவில்லை. அண்ணனுக்கு எதிராக ஆட்சேபணையா? காகிதத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் வந்தார். நான் படித்துத் தமிழில் சொன்னேன்.

"இந்த வார்டுல ஆறு வருஷமா நீர்மட்டம் நிலையா இருக்கு. நாற்பது அடிக்கும் ஐம்பது அடிக்கும் நடுவுல. கோடையிலகூடப் பெருசா இறங்கலை. பக்கத்துக் கிணத்துல இறைக்கிறது அடுத்த கிணத்தைப் பாதிக்கலை."

அக்கா முகத்தைச் சுளித்தார்.

"நிலையாவா? என்ர கெணறு மத்தியானத்துக்கே உறிஞ்சிப் போடுதுங். மாட்டுக்குத் தொட்டி ரொப்பறதுக்கே அரை மணி நின்னு போடோணும். இதையெல்லாம் ஆரு எழுதிக் குடுத்தாங்க?"

நான் அவரைப் பார்த்தேன். "நீங்கதான்க்கா."

அவருக்குப் புரியவில்லை. எனக்கும் அப்போது புரியவில்லை. அறிக்கையில் தப்பாக ஏற்றியிருப்பார்கள், சரிபார்க்கலாம் என்று அவருடைய பழைய பதிவேட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து உரக்கப் படித்தேன். ஆகஸ்டு பதினொன்று, செப்டம்பர் ஒன்பது, அக்டோபர் எட்டு, நவம்பர் ஏழு. நாற்பத்திரண்டு அடி, நாற்பத்தொன்று, நாற்பது, நாற்பத்தொன்று. எதுவும் தப்பில்லை. பக்கத்திலேயே வரிசையாக இல்ல, இல்ல, இல்ல.

"எல்லாம் அமாவாசை ஆச்சுங்களே, அப்படித்தான் இருக்கும்" என்றார் அக்கா. "அன்னிக்குத் தண்ணி மேல வந்து நிக்கும். மறுநா மோட்டார் போட்டா ரெண்டே நாள்ல பழைய எடத்துக்குப் போயிருமுங்."

சொல்லிவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். கருப்பு வட்டம் போட்ட தேதியைப் பார்த்தார். பிறகு பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே போனார். நான் எண்ணினேன். எழுபத்து மூன்று. எழுபத்து மூன்றின் நகலிலும் கீழே என் கடை ஸ்டாம்ப். வார்டில் இருநூறு மோட்டார் இருக்கிறது. எழுபத்து மூன்று தடவையும் ஒன்றுகூட ஓடவில்லை என்றால் எப்படி என்று ஆபீசிலும் ஒருவன் கேட்கவில்லை, நகலெடுத்த நானும் கேட்கவில்லை. மாதம் முழுக்கக் காய்ச்சலில் கிடக்கிறவனை இறங்கிய ஒரு நாள் மட்டும் பார்த்துவிட்டு, உடம்பு நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

"அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்காதுங்" என்றார் அக்கா. "அவரு என்ர நல்லதுக்குச் சொன்னாரு. நான் போயிக் கேட்டுப்போட்டு வாரேன்."

அன்று மத்தியானமே போனார். அங்கே நடந்ததை அக்கா என்னிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். இரண்டு தடவையும் வார்த்தை மாறவில்லை. மோகனசுந்தரம் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். கோபப்படவில்லை. நங்கையிடம் மோர் கொண்டுவரச் சொன்னார்.

"அம்மிணி, நான் உன்னையப் பொய் எழுதச் சொன்னனா? நீ அளந்ததைத்தான எழுதுன?"

"இல்லீங்ணா, அமாவாசையில அளந்தா மேலதான் காட்டும்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாம இருக்குமா? நான் கெணத்துக்காரன். மத்த நாள்ல அளந்திருந்தா இந்த வார்டுல தண்ணி இல்லைன்னு எழுதிப் பூட்டுப் போட்டிருப்பான். ஒருத்தனும் போர் போட முடியாது. இப்பத்தான் கம்பெனி வந்துருக்குது. நாளைக்கு உன்ர புள்ளைக்கும் அதுல ஒரு வேலை போட்டுத் தாரேன்."

"என்ர கெணறு வத்திப் போயிருமுங்களே."

"ஆபீசரு எழுதியிருக்கானே, பாதிக்காதுன்னு. அளந்தவ நீ."

அக்கா மோரைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார். அண்ணன் வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்தது அதுதான் முதல் தடவை. என் கடைப் படியில் உட்கார்ந்து அழுதார். அழுதுகொண்டே ஒன்று சொன்னார், அது இன்னும் என் காதில் கிடக்கிறது.

"அவரே வந்து என்ர கெணத்துல மண்ணைப் போட்டு மூடியிருந்தாக்கூட மனசு ஆறிப்போயிருக்குமுங் தம்பி. ஆறு வருசமா என்ர கையாலயே மூட வெச்சுப்போட்டாரே. தாலி அறுத்து வந்தவளுக்கு ஒரு வேலைன்னு நெனச்சுக் கும்பிட்டனே."

மறுநாள் இருவரும் பாலக்காட்டுக்குப் போய் ஜோபியைப் பார்த்தோம். நல்ல மனுஷன், அதனால்தான் அவர் முகம் அப்படிப் போனது. அமாவாசை விஷயத்தைச் சொன்னதும் முதலில் நம்பவில்லை.

"எங்க ஊர் ஏலத்தோட்டத்துல அமாவாசைக்கெல்லாம் யாரும் வேலைய நிறுத்த மாட்டாங்க. அன்னைக்கு மோட்டார் எதுவும் ஓடாதுன்னு அவர் சொன்னப்ப எனக்காக நிறுத்தி வெச்சிருக்காருன்னு நெனச்சேன்."

பிறகு ஒரு காகிதத்தை எடுத்து அக்காவிடம் கேட்டார். "முதல் நாள் சாயந்திரம் நிறுத்தினா, ஒண்ணரை நாள்ல உங்க கிணறு எவ்வளவு ஏறும்?"

"பதினோரடி, பன்னெண்டடி ஏறுமுங்."

"அப்ப ஆறு மணி நேரத்துல சுமார் ரெண்டடி. நான் சோதனை பண்ணுன அன்னைக்கு அது தானா ரெண்டடி ஏறியிருக்கணும். ஏறலை. மூணு இஞ்ச் இறங்கியும் போச்சு. அப்படின்னா உங்க அண்ணன் மோட்டார் உங்க கிணத்துல இருந்து இழுத்தது மூணு இஞ்ச் இல்லைக்கா, ரெண்டேகால் அடி." அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஒன்பது மடங்கு. ரெண்டே ரெண்டு கிணத்த வெச்சு, ஒரே ஒரு நாள்ல கணக்குப் போட்டேன். ஊர்க்காரங்ககிட்ட அது என்ன நாளுன்னு கேட்கலை. தப்பு என்னோடதுதான்."

தப்பு என்னோடது என்று ஒரு சர்க்கார் ஆள் சொல்லி நான் கேட்டது அதுதான் முதலும் கடைசியும். மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொன்னார். எழுத ஆதாரம் வேண்டும், விசாரணைக்கு இன்னும் பதினாலு நாள் இருக்கிறது, தினமும் மூன்று வேளை அளந்து கொண்டுவாருங்கள் என்றார். அதற்குள் ஓர் அமாவாசையும் வந்தது.

அந்தப் பதினாலு நாளும் அக்கா அளந்தார். காலையில் பால் கறந்துவிட்டு, மத்தியானம் வெயிலில், சாயங்காலம் மறுபடி. அண்ணன் தோப்புக்கு வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். நாலில் அக்காவுடையதும் அண்ணனுடையதும் போக மற்ற இரண்டு கிணற்றுக்காரர்களில் ஒருவர், மோகனசுந்தரம் சொன்னார் என்று கேட்டைப் பூட்டிவிட்டார். அக்கா வேலிக்கு வெளியே நின்று, டேப்பை நீளமான ஒரு வாதமடக்கி மரக் கொம்பில் கட்டி உள்ளே விட்டு அளந்தார். சாதாரண நாட்களில் காலையில் ஐம்பத்து மூன்று, சாயங்காலம் ஐம்பத்தெட்டு. அமாவாசையன்று சாயங்காலம் நாற்பத்தொன்பது, மறுநாள் காலை நாற்பத்தாறு. இரண்டே நாளில் திரும்ப ஐம்பத்தெட்டு. நான் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கோடு போட்டேன். நடுவில் ஒரே ஒரு மேடு, அந்த மேட்டின் உச்சியில்தான் எங்கள் ஆறு வருஷக் கணக்கும் நின்றுகொண்டிருந்தது.

பதினாறாம் நாள் பஞ்சாயத்து ஆபீசு. மேலிடத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்து நடுவில் உட்கார்ந்தார். ஜோபி ஓரத்தில் நின்றார். மோகனசுந்தரம் ஒரு காகிதக் கட்டை மேசைமேல் வைத்தார். எழுபத்து மூன்று பக்கமும் நகலெடுத்து, அழகாகத் தைத்து அட்டை போட்டிருந்தது. ஒவ்வொன்றிலும் என் ஸ்டாம்ப். எதற்கு ஸ்டாம்ப் கேட்டார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் கையை நானே வெட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அதிகாரி இரண்டு பதிவையும் பார்த்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், அவருக்கு மத்தியானத்துக்கு முன்னால் இன்னும் நாலு விசாரணை இருந்தது. மலையாளத்தில் ஒரு கேள்வி கேட்டார். அதை அக்காவிடம் தமிழில் கேட்க வேண்டியவன் நான்.

"ரெண்டும் உங்க கையெழுத்துதானேன்னு கேக்கறார்க்கா. இதுல எது பொய்னு கேக்கறார்."

அக்கா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அன்றைக்கு அளக்கச் சொன்னது நான்தான் என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும். அக்கா அதற்குத்தான் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். அத்தனைக்குப் பிறகும் காத்திருந்தார்.

"ரெண்டும் நெசந்தானுங்" என்றார் கடைசியில்.

ஜோபி பேசினார். அமாவாசையில் மோட்டார்கள் நிற்பதால் தன் கணக்கு தப்பு, சோதனையை வேறு ஒரு நாளில், இன்னும் நாலு கிணற்றை வைத்து மறுபடி செய்ய வேண்டும் என்று சொன்னார். அதிகாரி கேட்டுக்கொண்டார். ஆறு வருஷப் பதிவு ஒரு பக்கம், பதினாலு நாள் பதிவு ஒரு பக்கம். பதினாலு நாளுக்காக ஆறு வருஷத்தைத் தள்ள முடியாது, இப்போதைக்கு அனுமதி கொடுக்கலாம், மழைக்காலம் முடிந்ததும் மறு சோதனையைப் பற்றி யோசிக்கலாம் என்று எழுதினார். அந்த யோசனை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஜோபியை மாவட்டத்தின் அந்தக் கோடிக்கு மாற்றிவிட்டார்கள்.

வெளியே வந்ததும் மோகனசுந்தரம் அக்காவிடம், "வா அம்மிணி, கார்லயே ஊட்டுல எறக்கி உட்டுடறேன்" என்றார். ஒன்றுமே நடக்காதது போலத்தான் கேட்டார். அக்கா என் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். அந்த ஆடிக்கு வழக்கம்போலச் சேலை வந்தது. அதைக் கொண்டுவந்த டிரைவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆவணியில் இரண்டு போரும் இறங்கின. புரட்டாசியில் கம்பெனி ஓடத் தொடங்கியது. அக்காவின் கிணறு முதலில் மத்தியானத்துக்கு வற்றியது, பிறகு காலையிலேயே வற்றியது. அதை நம்பிப் போட்டிருந்த பாகல் பந்தல் காய்ந்தது. கார்த்திகையில் ஒரு மாட்டை விற்றார். நான் ஒவ்வொரு தடவையும் இந்த அளக்கிற வேலையை விட்டுவிடுங்கள் என்று திட்டுவேன். அவர் விடவில்லை. ஆபீசில் யாரும் அவரை நிறுத்தச் சொல்லவும் இல்லை. அமாவாசை மட்டும் என்று இருந்ததை மாற்றி, வாரம் ஒரு நாள் அளந்து எழுதிவந்தார். அன்றைக்குப் பக்கத்து மோட்டார்களும் கம்பெனி போரும் ஒரு மணி நேரமாவது நிற்கும் வேளை வரும்வரை காத்திருந்து, விதிப்படிதான் அளந்தார். நாலாவது கட்டத்தில் விதிப்படி அதே சொல்தான்.

தை அமாவாசை வந்தது. சோதனை நடந்து சரியாக ஒரு வருஷம். அன்றைக்கு நான் கடையைத் தாமதமாகத்தான் திறந்தேன். பத்து மணிக்கு அக்கா வந்தார். விரதத்துக்குக் குளித்த தலை இன்னும் ஈரமாக இருந்தது. கையில் பதிவேடு, தோளில் டேப்.

"எவ்வளவுக்கா?" என்று கேட்டேன்.

டேப்பின் நுனியைக் காட்டினார். கடைசி மூன்றடியிலும் கோலமாவு போட்டது போட்டபடி வெள்ளையாக இருந்தது. ஒரு சொட்டுக்கூட நனைந்திருக்கவில்லை.

"குண்டு பாறையில போயி இடிக்குதுங். அமாவாசையன்னிக்கு இப்படி இருந்ததில்லை."

ஊர் முழுக்க மோட்டார் நின்றிருந்தது. பேச்சுச் சத்தம் தோட்டத்துக்குத் தோட்டம் கேட்கும் அந்த நாளில், கிழக்கே ஒன்றே ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அமாவாசையும் கிடையாது, பௌர்ணமியும் கிடையாது, கம்பெனிக்கு விட்ட போர் அது. கடை வாசலில் நின்றால் எனக்கே கேட்டது.

அக்கா பதிவேட்டைப் பிரித்து என் முன்னால் வைத்தார். தேதி எழுதியிருந்தார், நேரம் எழுதியிருந்தார், ஆழம் அறுபத்தெட்டு என்று எழுதியிருந்தார். நாலாவது கட்டம் காலியாக இருந்தது.

"தம்பி, மோட்டார் ஓடுது, ஆமாங்கறதுக்கு மலையாளத்துல எப்படிங் எழுதறது?"

ஏழு வருஷத்தில் அந்தச் சொல் அவருக்குத் தேவைப்பட்டதே இல்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். அவர் அதைப் பார்த்துப் பார்த்து, குனிந்து, கோடு தாண்டாமல் கட்டத்துக்குள் வரைந்தார். யாருடைய மோட்டார் என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் கிடையாது. அக்கா கட்டத்துக்குக் கீழே, பக்கத்தின் ஓரத்தில், தமிழில் எழுதினார்: என் அண்ணனுடையது.

பிறகு பதிவேட்டை என்னிடம் நீட்டி இரண்டு நகல் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். ஸ்டாம்ப்பை எடுக்கக் கை போனது. அக்கா வேண்டாம் என்று தலையசைத்தார்.